மெமரி போதாது என்றால் மெஷினை வீசுவதா?

 

பதிவு கொஞ்சம் நீளம். தவணை விடுமுறையில் எழுதுகிறேன், அதனால் மன்னிக்கவும். ஆறுதலாக இருந்து வாசிக்கக் கூடியவர்கள் வாசியுங்கள்.

மட்டக்களப்புப் பக்கம் எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். இரத்த உறவில்லை, பழக்கத்தில் வந்த அண்ணன். சேர்ச்சில் கீபோர்ட் வாசிப்பவர். போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் திறீவீலரில் வந்து இறங்கினார். பின் சீட்டில் பழைய பெட்ஷீட்டால் சுற்றி ஒரு நீளமான சாமான். பார்த்தால் கோர்க் ட்ரைட்டன். 1999இல் வெளிவந்த வேர்க்ஸ்டேஷன். அவர் அதைப் பாவித்ததாக வாங்கி பதினெட்டு வருஷத்துக்கு மேல்.

"தம்பி, இதை விக்கப் போறன். கடையில கேட்டன். மெமரி காணாது, இது இனி சரிவராது, குடுத்திட்டு புதுசு எடுங்க எண்டு சொல்றாங்க. மிச்சத்துக்கு லீசிங் போடலாமாம். நீ கொம்பியூட்டர் படிப்பிக்கிற ஆள்தானே, ஒருக்காப் பார்த்துச் சொல்லு."

கடைக்காரர் சொன்ன விலை என் பழைய சைக்கிளுக்குக் கூடக் காணாது. புதியதின் விலையோ பல லட்சம். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு வெளிநாட்டு எலெக்ட்ரோனிக் சாமான் எதன் விலையும் எங்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் ஐந்து வருஷ லீசிங் என்றால் என்ன என்று அரச சம்பளம் வாங்குகிறவர்களுக்கு விளங்கும்.

அந்த ஒரு பின்னேரத்தில் தொடங்கிய வேலைதான் இந்தப் பதிவு.

(இசை கூடுமா கூடாதா என்று கருத்துப் பெட்டிக்கு வர இருக்கிற சகோதரர்களுக்கு: அது வேறு தலைப்பு, அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். நான் இங்கே கதைப்பது ஒரு மெஷினின் நினைவகம் பற்றியும், ஒரு குடும்பத்தின் கடன் பற்றியும்.)

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். "மெமரி காணாது" என்ற ஒரே சொல்லுக்குள் கடைக்காரர் மூன்று வேறு விஷயங்களைப் போட்டுக் குழைத்திருந்தார். எங்களில் பெரும்பாலானோர் ஃபோன் வாங்கும்போதும் இதே பிழையைத்தான் விடுகிறோம்.

வகுப்பில் நான் வழமையாகச் சொல்லும் உதாரணம் மேசையும் அலுமாரியும். அலுமாரியில் நூறு கொப்பி இருக்கலாம். திருத்தும்போது மேசையில் பத்துக் கொப்பிதான் விரிக்கலாம். மேசை பெரிதானால் ஒரே நேரத்தில் கூடுதலாக விரிக்கலாம். அலுமாரி பெரிதானால் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். மேசைதான் ரெம். அலுமாரிதான் சேமிப்பகம். ஒரே ஒரு வித்தியாசம்: ரெம் என்ற மேசையில் கரண்ட் போனால் விரித்து வைத்த அத்தனையும் காணாமல் போய்விடும்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. கொம்பனியே எழுதிப் பூட்டி அனுப்பிய ரொம். ட்ரைட்டனுக்குள் பியானோ, வயலின், ட்ரம் என்று இருக்கிற அடிப்படைச் சத்தங்கள் எல்லாம் 32 எம்பி ரொம்மில் இருக்கின்றன. அது அழியாது. நாங்கள் மாற்றவும் முடியாது.

ட்ரைட்டனில் சாம்பிளிங்குக்கான ரெம் 16 எம்பி. சாம்பிளிங் என்றால் வெளியில் உள்ள ஒரு சத்தத்தைப் பதிந்து, கீபோர்ட்டின் கட்டைகளில் வைத்து வாசிப்பது. இந்த 16 எம்பி எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். தரம் 10 பிள்ளையும் செய்யக்கூடிய கணக்கு.

செக்கனுக்கு 48,000 தடவை சத்தம் அளக்கப்படுகிறது. ஒவ்வொரு அளவுக்கும் 16 பிட், அதாவது 2 பைட். செக்கனுக்கு 96,000 பைட். 16 எம்பியை இதால் வகுத்தால் கிட்டத்தட்ட 174 செக்கன். 2 நிமிடம் 54 செக்கன். ஸ்டீரியோ என்றால் அதில் பாதி, 1 நிமிடம் 27 செக்கன். அவ்வளவுதான் மேசையின் அளவு.

இதை 64 எம்பி வரை கூட்டலாம் என்று கொம்பனியே சொல்கிறது. அதற்கென்றே உள்ளே இரண்டு சொக்கெட் வைத்திருக்கிறார்கள். அதில் செருக வேண்டியது 72 பின் சிம் பலகை. சிம் என்றதும் டயலொக் சிம் என்று நினைக்க வேண்டாம். 1990களின் நடுப்பகுதியில் பெரும்பாலான வீட்டு, ஒஃபிஸ் கொம்பியூட்டர்களுக்குள் இருந்த ரெம் பலகையின் பெயர் அது. 486களிலும் ஆரம்பகால பென்டியங்களிலும் இருந்த அதே சாமான். ஒரு இசைக் கருவிக்குக் கொம்பனி தனியாக ஒரு உதிரிப்பாகம் செய்து, அதற்கு இஷ்டத்துக்கு விலை போடவில்லை. சந்தையில் கிடைக்கிற பொதுச் சாமானையே ஏற்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். இந்த ஒரு முடிவுதான் இத்தனை வருஷம் கழித்து அண்ணனைக் காப்பாற்றியது. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு இதற்கு வருவேன்.

ஆனால் நான் முதலில் ரெம்முக்குப் போகவில்லை. "அண்ணன், நீங்க பதிஞ்ச சாமான் எல்லாம் எங்க கிடக்கு?" என்றுதான் கேட்டேன்.

அடுத்த நாள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே 31 ஃப்ளொப்பி. சேர்ச் மணி, ஹார்மோனியம், பிள்ளைகளின் கொயர் குரல். அவற்றில் ஒன்பதில் மத்தளம் என்று பேனையால் எழுதியிருந்தது.

"இது ஆரிட?" என்று கேட்டேன்.

அவருடைய ஊர்ப் பக்கத்தில் கூத்துப் பழக்கிய ஒரு வயதான அண்ணாவியார். ஒருநாள் அவரைக் கூட்டிவந்து, ஒவ்வொரு சொல்லாக மத்தளத்தில் அடிக்கச் சொல்லிப் பதிந்திருக்கிறார். கூடவே சல்லரியும். நத்தார் கரோலுக்கு அந்த மத்தளத்தைத்தான் இவ்வளவு வருஷமும் வாசித்திருக்கிறார். அண்ணாவியார் மௌத்தாகிப் பல வருஷம். அவருடைய கைச் சத்தம் இன்று இருப்பது இந்த ஒன்பது ஃப்ளொப்பியில் மட்டும். வேறு எங்கும் இல்லை.

நான் வாயடைத்துப் போனேன். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பற்றி எத்தனை மாநாடு, எத்தனை கட்டுரை. அதில் ஒருவருடைய கை அடித்த சத்தம் பிஸ்கட் டின்னுக்குள், கடலோர ஈரக் காற்றில், காந்தப் பூச்சு உரிந்துகொண்டு கிடக்கிறது. அந்த மெஷினைக் கடையில் கொடுத்திருந்தால் இந்த டின் குப்பைக்குத்தான் போயிருக்கும். அதைத் திறந்து வாசிக்க வேறு கருவியும் அவரிடம் இல்லை.

எனவே என் முதல் கருத்து இது. எந்த மெஷினையும் மேம்படுத்தப் போகிறவர் மேசையைப் பெரிதாக்க முன்னர் அலுமாரியைப் பாருங்கள். வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பிரதி எடுப்பது. இரண்டாவது சேமிப்பகம். மூன்றாவதுதான் ரெம். கடைகளில் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், ஏனென்றால் பிரதி எடுப்பதில் விற்க ஒன்றும் இல்லை.

ட்ரைட்டனின் ஃப்ளொப்பி சாதாரண கொம்பியூட்டர் ஃப்ளொப்பியின் அமைப்பில்தான் எழுதப்படுகிறது. அதனால் யூஎஸ்பியில் செருகும் ஒரு ஃப்ளொப்பி ட்ரைவை இரவல் வாங்கி, லெப்டொப்பில் போட்டு ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தோம். இரண்டு இரவு. 31இல் 27 வந்தது. நான்கு திறக்கவே இல்லை. அந்த நான்கில் இரண்டு மத்தளம்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பிளேன்டீயைக் குடித்துவிட்டு, "போன வருஷம் செஞ்சிருக்கலாம் என்ன தம்பி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிடைத்தவற்றை அதோடு விடவில்லை. கோர்க்கின் சாம்பிள்கள் அதன் சொந்த வடிவத்தில் இருக்கும். நாளைக்கு அதைத் திறக்கக் கருவி இல்லாமல் போகலாம். ட்ரைட்டனிலேயே சாம்பிளை வேவ் கோப்பாக வெளியே எழுதும் வசதி இருக்கிறது. மத்தளத்தின் ஏழையும் அப்படி மாற்றி, இரண்டு வீட்டில் இரண்டு பென்ட்ரைவில் வைத்தோம். இனி எந்த ஃபோனிலும் அந்தச் சத்தம் கேட்கும்.

அடுத்தது சேமிப்பகம். ஒரு ஃப்ளொப்பியில் 1.44 எம்பி. 16 எம்பி ரெம்மை நிரப்ப 12 ஃப்ளொப்பி வேண்டும். 64 எம்பியை நிரப்ப 46! ஃப்ளொப்பி நிமிடத்துக்கு 300 தடவை சுற்றுகிறது, இரண்டு பக்கமும் சேர்த்து 160 வட்டப் பாதை. ஒரு சுற்றுக்கு ஒரு பாதை என்று வைத்தாலே ஒரு ஃப்ளொப்பிக்கு 32 செக்கன் போகும். அதைவிட வேகமாக அந்தத் தட்டால் முடியாது. அண்ணன் ஆராதனைக்கு நடுவில் ஒரு தொகுதியை அழித்து, அடுத்த தொகுதியை ஏற்றிக்கொண்டு இருந்ததன் காரணம் இதுதான். போதகர் ஜெபத்தை நீட்டிக்கொண்டு இவருக்காகக் காத்திருந்த நாளும் உண்டாம்.

இதற்கு ஒரு மலிவான வழி, ஃப்ளொப்பி ட்ரைவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பென்ட்ரைவ் செருகுகிற ஒரு சிறு பெட்டியைப் பூட்டுவது. மெஷினுக்கு அது இன்னும் ஃப்ளொப்பி என்றே தெரியும். ஒரே பென்ட்ரைவுக்குள் நூற்றுக்கணக்கான "ஃப்ளொப்பி"கள், பட்டனை அமத்தி எண்ணை மாற்றினால் போதும். வேகம் பெரிதாகக் கூடாது, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கிற தட்டு இல்லாமல் போய்விடும். ட்ரைட்டனுக்கு ஸ்கசி பலகை ஒன்றைத் தனியாகப் பூட்டினால் இதைவிட வேகமான வழிகள் உண்டு. அந்தப் பலகை எங்களிடம் இல்லை. இருப்பதை வைத்துத்தானே செய்ய முடியும்.

பிறகுதான் ரெம்.

எங்கள் பாடசாலைக் களஞ்சியத்தில் கழித்து ஒதுக்கிய பழைய கொம்பியூட்டர்கள் கிடக்கின்றன. திறந்தால் சிம் பலகை கிடைக்கலாம். ஆனால் அது அரச சொத்து. தூசு படிந்து கிடந்தாலும் அமானிதம் அமானிதம்தான். கை வைக்கவில்லை. கல்முனையில் கொம்பியூட்டர் திருத்தும் ஒரு நானாவிடம் போனேன். லாச்சி நிறையப் பழைய ரெம் வைத்திருந்தார். "இதையெல்லாம் கேட்டு இப்ப ஆரு சேர் வாற" என்று சிரித்துக்கொண்டு தேடித் தந்தார். 32 எம்பி பலகை இரண்டு சோடி. காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 16ஓடு 64ஐக் கூட்டி 80 என்று கணக்குப் போடக் கூடாது. இருப்பது இரண்டே சொக்கெட். பழையதைக் கழற்றிவிட்டு இரண்டு 32ஐப் போட்டால்தான் 64.

செய்ய நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. கரண்ட் வயரைக் கழற்றி, சிறிது நேரம் விட்டுவிட்டுத் திறவுங்கள். பவர் சப்ளைப் பக்கம் கை போகவே வேண்டாம், அங்கே கப்பாசிட்டரில் மின் தங்கியிருக்கும். கீபோர்ட்டைக் கவிழ்க்கும்போது திருகுகிற குமிழ்களில் பாரம் விழாமல் இரண்டு பக்கமும் தலையணை வையுங்கள். ரெம்மைத் தொட முன் ஒரு உலோகத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை விடுங்கள். பலகையின் ஒரு ஓரத்தில் வெட்டு இருக்கும், அது தப்பான பக்கம் செருகாமல் இருப்பதற்காக வைத்தது. சரித்துச் செருகி, நிமிர்த்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் "டிக்" என்று பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் வலுக்கட்டாயம் பண்ண வேண்டாம். கழற்றிய ஆணிகளை ஒரு பீங்கானில் போடுங்கள், பாயில் போட்டால் பிறகு தேடுவது நீங்கள்தான்.

முதல் சோடியில் ஒன்றை மெஷின் எடுக்கவில்லை. பழைய சாமான், அப்படித்தான். இரண்டாவது சோடியைப் போட்டு ஓன் பண்ணினோம். சாம்பிளிங் பக்கத்தில் மிச்ச நினைவகம் 64 எம்பிக்குக் கணக்காகக் காட்டியது. அல்ஹம்துலில்லாஹ். ஸ்டீரியோவில் 1 நிமிடம் 27 செக்கனாக இருந்தது கிட்டத்தட்ட 5 நிமிடம் 49 செக்கன் ஆகியது. காப்பாற்றிய 27 ஃப்ளொப்பியில் உள்ளதும் மொத்தமாக 39 எம்பி அளவுதான். எல்லாம் ஒரே தடவையில் மேசையில் இருக்கும். ஆராதனைக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய் ஏற்றிவிட்டால், நடுவில் அசையத் தேவையில்லை.

அண்ணன் வாசித்துப் பார்த்தார். முகம் அவ்வளவு மலரவில்லை.

"தம்பி, பியானோ பழைய மாதிரித்தானே கேக்குது?"

ஆம். அப்படித்தான் கேட்கும். இதைச் சொல்லாமல் விட்டால் நானும் அந்தக் கடைக்காரரும் ஒன்று. ரெம்மைக் கூட்டினால் ரொம்மில் உள்ள பியானோ மாறாது. ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்கள் 62தான், அதுவும் கூடாது. கட்டைகள் புதிதாகாது. ரெம் கூடினால் நாங்கள் பதிந்த சத்தத்துக்கு இடம் கூடும். அவ்வளவுதான். ஃபோனுக்கு மெமரி கார்ட் போட்டால் கமரா தெளிவாகும் என்று நினைப்பது எவ்வளவு பிழையோ, இதுவும் அவ்வளவு பிழை. தேவை எது என்று தெரியாமல் மேம்படுத்தப் போனால் காசும் போகும், மனமும் உடையும்.

அண்ணனின் தேவை அந்த மத்தளமும், கொயரும், மணியும் ஒன்றாக இருப்பது. அது கிடைத்தது. கடையில் புதியதை எடுத்திருந்தால் பியானோ அழகாக இருந்திருக்கும். அண்ணாவியார் இருந்திருக்க மாட்டார்.

இனி நான் சொல்ல வந்த பெரிய விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வேர்க்ஸ்டேஷன்களின் வரலாற்றைப் பார்த்தால் ஒரு பாடம் தெரிகிறது. 1988இல் வந்த கோர்க் எம்1, நாங்கள் உருவாக்கிய சத்த அமைப்புகளை ஒரு சிறு பெற்றறியின் தயவில் ரெம்மில் வைத்திருந்தது. கொம்பியூட்டர் போர்டில் இருக்கிற அதே நாணயம் மாதிரியான சிஆர்2032. பெற்றறி செத்தால் உழைப்பும் சாகும், ஆனால் பெற்றறியை மாற்றலாம். 1999இன் ட்ரைட்டன் பொதுச் சந்தை ரெம்மை ஏற்றது. 2010இன் யமஹா மோட்டிஃப் எக்ஸ்எஃப்பில் இரண்டு சொக்கெட் இருந்தன. அதற்கு யமஹாவின் சொந்த ஃப்ளாஷ் பலகைதான் வேண்டும், 512 எம்பி அல்லது 1 ஜிபி. கரண்ட் போனாலும் அழியாது என்பது பெரிய நன்மை. ஆனால் கல்முனை நானாவின் லாச்சியில் அது கிடைக்காது. 2011இன் கோர்க் க்ரோனொஸ் உண்மையில் ஒரு கொம்பியூட்டர்தான். இன்டெல் எட்டம் ப்ரொசெசர், லினக்ஸ், 2 ஜிபி ரெம், 30 ஜிபி எஸ்எஸ்டி. பெரிய பியானோ சாம்பிளை முழுவதும் ரெம்மில் ஏற்றாமல், வாசிக்க வாசிக்க எஸ்எஸ்டியிலிருந்து இழுத்து எடுக்கும். அதற்குள் இரண்டாவது எஸ்எஸ்டி பூட்ட இடம் விட்டிருந்தார்கள். 2016இன் யமஹா மொன்டாஜில் பாவனையாளருக்கான 1.75 ஜிபி ஃப்ளாஷ் உள்ளேயே உண்டு. கூட்டுவதற்குச் சொக்கெட் கிடையாது. தந்தது அவ்வளவுதான்.

கொம்பனிகளைக் கெட்டவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. உள்ளேயே பொருத்திய ஃப்ளாஷ் நல்லது, ஏற்ற நேரம் எடுக்காது, சொக்கெட் கழன்று போகும் பிரச்சினை இல்லை. அண்ணனைப் போல் அரை மணித்தியாலம் முந்திப் போகத் தேவையில்லை. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஃப்ளாஷுக்கும் எழுதி அழிக்கும் தடவைக்கு ஓர் எல்லை உண்டு. இருபது வருஷத்துக்குப் பிறகு அது பழுதானால் அந்த அண்ணனின் மகன் எந்த லாச்சியில் தேடுவான்? ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர் அடுத்த மொடலை வாங்குவார். நாங்கள் எப்போதும் பாவித்ததை வாங்குகிற நாடு. ஒரு மெஷினின் முதல் ஐந்து வருஷம் அவர்களுக்கு, அடுத்த இருபது வருஷம் எங்களுக்கு. திறக்க முடியாத மெஷினின் நட்டம் முழுவதும் வந்து விழுவது இரண்டாவது வாங்குகிறவன் தலையில்.

எனவே வாங்கும்போது "எத்தனை ஜிபி?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். இன்னும் மூன்றைக் கேளுங்கள். இதைப் பிறகு கூட்டலாமா? கூட்டுவதற்கான சாமான் பொதுச் சந்தையில் கிடைக்குமா, இந்தக் கொம்பனியிடம் மட்டுமா? இதில் நான் செய்ததை வேறு கருவியில் திறக்கக்கூடிய வடிவில் வெளியே எடுக்கலாமா? கீபோர்ட்டுக்கும் சரி, ஃபோனுக்கும் சரி, லெப்டொப்புக்கும் சரி, இதே மூன்று கேள்விதான்.

எல்லாப் பழைய மெஷினையும் கட்டி அழ வேண்டும் என்றும் சொல்லவில்லை. டிஸ்ப்ளே மங்கிப் போய், கட்டைகள் பாதி செத்து, திருத்துகிற செலவு இன்னொரு பாவித்த கீபோர்ட்டின் விலைக்குக் கிட்ட வந்தால் விட்டுவிடுங்கள். சாம்பிளே செய்யாத ஒருவர் ரெம் கூட்டுவது வீண். நாளாந்தம் கலியாண வீட்டுக்கு வாசித்து அதில் உழைக்கிறவருக்கு, நடு மேடையில் நின்றுவிடாத புதிய மெஷின் ஒரு செலவு ஆகாது, முதல்தான். கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள். கடைக்காரரின் ஒரு வசனத்தில் முடிவெடுக்காதீர்கள்.

கடைசியாக, என் தொழில் சம்பந்தமாக ஒரு வார்த்தை.

கழற்றிய 16 எம்பி ரெம்மை அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். எங்கள் பிள்ளைகள் ரெம் கரண்ட் போனால் அழியும், ரொம் அழியாது என்று எழுதிப் புள்ளி எடுக்கிறார்கள். கையில் ஒன்றைத் தொட்டுப் பார்த்த பிள்ளை அந்த வகுப்பில் ஒன்றுகூட இல்லை. கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு சேர், முதல் நாளே ஒரு கொம்பியூட்டரைக் கழற்றி மேசையில் பரப்பிவிட்டு, "இப்ப பூட்டுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். அந்த ஒரு மணித்தியாலத்தில் படித்தது இன்னும் மறக்கவில்லை. நான் ஆசிரியராகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பாடத்தை எத்தனை தரம் செய்தேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. பாடத்திட்டம் முடிக்க வேண்டும், கடந்தகால வினாத்தாள் செய்ய வேண்டும் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு காலம் போய்விட்டது.

பலகை கை மாறி மாறிப் போனது. பின் வரிசையில் வழமையாக வாய் திறக்காத ஒரு பிள்ளை கேட்டாள்.

"சேர், கரண்ட் போனா மறக்கிற ஒண்டை ஏன் செஞ்சாங்க?"

வினாத்தாளில் வராத, ஆனால் வர வேண்டிய கேள்வி. உள்ளே ஒவ்வொரு பிட்டும் ஒரு மிகச் சிறிய கப்பாசிட்டரில் உள்ள மின்னேற்றம். அது ஓட்டை வாளி மாதிரி, தானாக ஒழுகும். அதனால் செக்கனுக்குப் பல தடவை வாசித்து, திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் நிரப்ப ஆளில்லை. ஆனால் ஒரு பிட்டுக்கு ஒரு கப்பாசிட்டரும் ஒரு ட்ரான்சிஸ்டரும் காணும் என்பதால் மலிவு, நெருக்கமாக அடுக்கலாம், வேகமாக எழுதலாம். வேகத்துக்காக மறதியை ஏற்றுக்கொண்டார்கள். மறதிக்குத் துணையாக அலுமாரியை வைத்தார்கள்.

"அப்ப அலுமாரியில வைக்க மறந்தா, சேர்?"

அந்த இரண்டு ஃப்ளொப்பிகளும்தான் என் நினைவுக்கு வந்தன. "மறந்தா, போனது போனதுதான் மகள்" என்றேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். பழைய கசெட், ஃப்ளொப்பி, கீறல் விழுந்த சீடி, திரை உடைந்த ஃபோன். அதற்குள் வாப்பாவின் குரல் இருக்கலாம், உம்மும்மா சொன்ன தாலாட்டு இருக்கலாம், ஊர்ப் பக்கீர் பாவாவின் றபான் சத்தம் இருக்கலாம். இந்த வாரம் ஒரு நாள் ஒதுக்கி அதைத் திறந்து பாருங்கள். இன்ஷா அல்லாஹ், வாசிக்க முடிகிறதை வாசித்து இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். யூஎஸ்பி ஃப்ளொப்பி ட்ரைவ் தேவையானவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், யாரிடம் இரவல் வாங்கலாம் என்று சொல்கிறேன்.

அண்ணன் லீசிங் போடவில்லை. வருகிற நத்தாருக்கு அந்த மத்தளம் ஒலிக்கும், ஏழு சொற்கட்டோடு.